உலாவி அமைப்புகளும் ஆர்.எஸ்.புரத்து பிரவுசிங் சென்டர்களும்

கோவை நகரசபைத் தலைவராக விளங்கிய திவான் பகதூர் சி.எஸ். இரத்தினசபாபதி முதலியாரின் பெயரைத் தாங்கிய ஆர்.எஸ்.புரத்தில், தமிழகத்தின் பிற நகர்ப்பகுதிகளைப் போலவே, வீட்டில் கணினி இல்லாத பலருக்கும் இணையத்தை முதலில் அறிமுகப்படுத்தியவை மணிக்கணக்கில் கட்டணம் பெற்ற பிரவுசிங் சென்டர்களே ஆகும். 1995 ஆகஸ்ட் 15 அன்று அரசு நிறுவனமான வி.எஸ்.என்.எல். பெருநகரங்களில் தொடங்கிய பொது இணையச் சேவை தொலைபேசிக் கம்பியை நம்பியிருந்தது. 2004-ஆம் ஆண்டின் பிராட்பேண்ட் கொள்கைகூட நொடிக்கு 256 கிலோபிட் என்பதையே குறைந்தபட்ச வேகமாக வரையறுத்தது. பக்கம் திறக்கக் காத்திருந்த நேரத்துக்கும் காசு கொடுக்க வேண்டியிருந்ததால், வேகம் என்பது அன்று செலவுக் கணக்கோடு பிணைந்திருந்தது.

அக்காத்திருப்பைக் குறைக்கும் வழி உலாவிக்குள்ளேயே மறைந்திருந்தது. 2004 நவம்பரில் வெளிவந்த ஃபயர்பாக்ஸ் உலாவியின் முகவரிப் பட்டையில் 'அபவுட்:கான்ஃபிக்' எனத் தட்டச்சிட்டால், வழக்கமான பட்டியல்களில் காணப்படாத உள்ளமைப்புகள் வரிசையாக விரியும். அவற்றுள் ஒன்றான 'பைப்லைனிங்', ஒரு கோரிக்கைக்கு விடை வருமுன்பே அடுத்தடுத்த கோரிக்கைகளை அனுப்பிக் காத்திருப்பைக் குறைக்கும் முறையாகும். சில சர்வர்கள் அதனைச் சரிவரக் கையாளாமையால் முடக்கியே வைக்கப்பட்டிருந்த அதனை, வேகம் வேண்டியோர் தாமே இயக்கிக்கொண்டனர். ஒரே இணைப்பில் பல கோரிக்கைகளையும் விடைகளையும் கலந்து அனுப்பும் எச்.டி.டி.பி/2 நெறிமுறை 2015-இல் வந்தபின் அதன் தேவை ஒழிந்தது.

உலாவியில் அந்தரங்கத்தின் வரலாறு வேகத்தின் வரலாற்றினும் சிக்கலானது. 1994-இல் நெட்ஸ்கேப்பின் லூ மொன்டுல்லி உருவாக்கிய 'குக்கீ', அதாவது பயனரை நினைவில் கொள்ளத் தளம் உலாவியில் இட்டுவைக்கும் சிறு குறிப்பு, நாளடைவில் விளம்பர நிறுவனங்கள் ஒருவரைத் தளத்துக்குத் தளம் பின்தொடரும் கருவியாயிற்று. பொதுக் கணினியிலோ, முன்னர் அமர்ந்தவர் பார்த்த பக்கங்கள் பின்னர் வந்தவர் கண்ணிலும் படக்கூடியவையாக இருந்தன. 2011-இல் நடுவண் அரசு வகுத்த சைபர் கஃபே விதிகள், அடையாளச் சான்றையும் வருகைப் பதிவேட்டையும் கட்டாயமாக்கி, பார்த்த தளங்களின் விவரத்தை ஓராண்டு சேமிக்கப் பணித்து, இருக்கைகளுக்கு இடையிலான தடுப்புகளின் உயரம் நாலரை அடியைத் தாண்டலாகாது என விதித்ததோடு, பயனர் கணினி அமைப்புகளில் கைவைக்காதபடி தடுக்குமாறும் கூறின. ஆகவே, அமைப்பை மாற்றும் வாய்ப்பு பெரும்பாலும் சொந்தக் கணினி உடையவர்க்கே உரியதாயிற்று.

ஒவ்வொரு தளத்தின் குக்கீயையும் தனித்தனியே அடைத்து வைக்கும் உத்தி, பயனரின் அடையாளத்தை மறைக்க உதவும் டோர் உலாவியில் வளர்ந்து, ஃபயர்பாக்ஸில் மறைவான அமைப்பாக நுழைந்து, செம்மையுற்று, 2022 ஜூனில் அதன் கணினிப் பயனர் அனைவர்க்கும் இயல்பமைப்பாயிற்று. சிலர் தேடிச் சென்று இயக்கிய காப்பு, அமைப்புப் பக்கத்தைத் திறந்தே பாராதவரையும் இன்று காக்கிறது என்பதே மறைவான அமைப்புகளில் அவர்கள் செய்துபார்த்த சோதனைகளின் நிலைத்த பயனாகும்.