இழுப்பு, வலிவு, ஜன்னி: நிமோனியாவைக் கண்டறிந்த வரலாற்றில் தாயின் சொல்

கொச்சி மட்டாஞ்சேரியில் சில தெருக்களைக் கடப்பதற்குள் மலையாளம், கொங்கணி, குஜராத்தி, கச்சி, தமிழ் எனப் பல மொழிகள் காதில் விழும். அருகே கோட்டைக் கொச்சியின் தோபிகானாவில் தலைமுறைகளாகச் சலவைத் தொழில் செய்துவரும் வண்ணார் குடும்பங்களின் வீட்டுமொழி தமிழ். மொழிகள் இவ்வளவு நெருங்கி வாழும் ஊரில், மூச்சுக்குத் திணறும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வரும் தாய் எந்தச் சொல்லால் நோயை உரைக்கிறாள் என்பது மருத்துவத்துக்கும் உரிய கேள்வி.

தமிழில் 'இழுப்பு' என்பது மூச்சிரைப்பையும் குறிக்கும். கைகால் வெட்டி இழுப்பதையும் குறிக்கும். 'வலித்தல்' என்பதற்கும் இழுத்தல் என்றே பொருள். அதிலிருந்து தமிழ் 'வலிப்பு' என்ற நோய்ப்பெயரைப் பெற்றது. மலையாளமோ மூச்சிரைப்பை 'வலிவு' என்றது. நம் செவிக்கு 'வலிவு' உடல்வலிமை. 'ஜன்னி' என்றால் நமக்குக் கடுங்காய்ச்சலில் பிதற்றும் நிலை. மலையாளத்தில் அது வலிப்பையே சுட்டும். ஒரே வேரிலிருந்து கிளைத்த சொற்கள், இரண்டு உறுப்புகளின் நோய்களை இடம் மாற்றிக் காட்டுகின்றன. மருத்துவரின் செவியில் ஒரு சொல் பிறழ்ந்து விழுந்தால், நுரையீரலைப் பார்க்க வேண்டிய கவனம் வேறு திசைக்குப் போகக்கூடும்.

தாயின் சொல்லுக்கு இவ்வளவு எடை உண்டா? நிமோனியா உள்ளிட்ட கீழ்ச் சுவாசப்பாதைத் தொற்றுகளைக் கண்டறிந்த வரலாறு இதற்கு விடை தருகிறது.

பழைய மருத்துவம் பெரிதும் நோயாளியின் வாய்மொழியைச் சார்ந்திருந்தது. 1761இல் வியன்னாவில் அவுன்ப்ருக்கர் மார்பைத் தட்டி ஒலி கேட்கும் முறையை வெளியிட்டார். 1816இல் பாரிசில் லென்னெக் ஸ்டெதாஸ்கோப்பை உருவாக்கினார். 1895இல் ரான்ட்ஜன் எக்ஸ் கதிரைக் கண்டார். ஒவ்வொரு கருவியும் நோயைத் துல்லியமாகக் காட்டியது. கூடவே நோயாளியின் சொல்லை ஒரு படி கீழே இறக்கியது. மார்புக்குள் எழும் நுண்ணொலியைக் கேட்கத் தெரிந்த செவி, 'மூச்சு வாங்குது' என்ற பேச்சைப் பெரிதாகக் கருத வேண்டியதில்லை என்றாயிற்று. 1940களில் பெனிசிலின் பரவியபோது நோயைக் குணப்படுத்தும் வழியும் கிடைத்தது.

ஆனால் கருவியும் மருத்துவரும் இல்லாத ஊர்களில் குழந்தைகள் தொடர்ந்து இறந்தனர். 1980களின் தொடக்கத்தில் பப்புவா நியூ கினியின் கொரோகாவில் பணியாற்றிய ஃபிராங்க் ஷான் குழுவினர், எந்தக் குழந்தைக்கு நுண்ணுயிர்க்கொல்லி தேவை என்பதை எளிய அறிகுறிகளால் முடிவு செய்ய இயலுமா என ஆராய்ந்து, 1984இல் முடிவுகளை வெளியிட்டனர். அவர்கள் பற்றிக்கொண்ட அறிகுறிகளில் முதன்மையானது மூச்சின் வேகம். அதை எண்ண ஸ்டெதாஸ்கோப் வேண்டாம், பட்டமும் வேண்டாம்.

அடுத்த முக்கியமான அடி தமிழ்நாட்டில் வைக்கப்பட்டது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் தாமஸ் செரியன், டி. ஜேக்கப் ஜான், மார்க் ஸ்டெய்ன்ஹாஃப் முதலியோர் நடத்திய ஆய்வு 1988இல் 'லான்செட்' இதழில் வெளியானது. மேல் சுவாசப்பாதைத் தொற்றையும் கீழ்ப்பாதைத் தொற்றையும் பிரித்தறியப் பயன்படும் அறிகுறிகள் எவை என்பதே அவர்களது கேள்வி. ஓராண்டுக்குட்பட்ட குழந்தைக்கு நிமிடத்துக்கு 50க்கு மேலும், ஒன்று முதல் மூன்று வயது வரை 40க்கு மேலும் மூச்சு ஓடுவது நல்ல அடையாளம் என்றனர். மூச்சிழுக்கையில் மார்பு உள்வாங்குவது மற்றொன்று. மூன்றாவதாக, குழந்தை வேகமாக மூச்சு விட்டது என வீட்டார் சொல்லும் செய்தியும் நம்பத்தக்கது என்று கண்டனர்.

என் துறையின் பார்வையில் இந்த மூன்றாவது முடிவுதான் திருப்புமுனை. இரு நூற்றாண்டுகளாகக் கருவிக்குப் பின்னே ஒதுங்கியிருந்த வாய்மொழி, கருவிகள் நிறைந்த ஒரு மருத்துவமனையின் ஆய்விலேயே சான்றாகத் திரும்பி வந்தது.

இந்த எளிய அறிகுறிகளைக் கொண்டு எவ்வளவு தூரம் செல்லலாம் என்பதை மகாராட்டிரத்தின் கட்சிரோலியில் அபய் பங், ராணி பங் இணையர் காட்டினர். அவர்கள் பயிற்றுவித்தவர்களுள் கிராமத்து மருத்துவச்சிகளும் இருந்தனர். அறுபது வரை எண்ணத் தெரியாதவர்களுக்காக ஒரு நிமிட மணல் கடிகாரமும் மணிகளும் கொண்ட கருவி ஒன்று செய்யப்பட்டது. பத்து மூச்சுக்கு ஒரு மணி தள்ள வேண்டும். மணல் தீருமுன் சிவப்பு மணியை எட்டினால் அது நிமோனியா. 1990இல் வெளியான அவர்களது ஆய்வின்படி, சிகிச்சையும் விழிப்புணர்வும் சென்ற ஊர்களில் நிமோனியாவால் நேர்ந்த குழந்தை இறப்பு, ஏனைய ஊர்களைவிட 54 விழுக்காடு குறைவாக இருந்தது.

இக்காலத்தையொட்டியே உலக சுகாதார நிறுவனத்துக்காகக் கிரெட்டல் பெல்டோ, சாண்டி கோவ் ஆகியோர் ஓர் ஆய்வுமுறையை வகுத்தனர். வேகமூச்சையும் மார்பு உள்வாங்கலையும் அந்தந்த ஊர் மக்கள் எவ்வாறு அழைக்கின்றனர் என்பதைத் திரட்டி, அச்சொற்களிலேயே தாய்மாரிடம் பேசுவது அதன் நோக்கம். மருத்துவத் திட்டம் ஒன்று சொல்லகராதி தொகுத்தது என்றே இதைச் சொல்லலாம்.

இன்றைய வரையறை இது: குழந்தை அமைதியாக இருக்கும்போது முழு ஒரு நிமிடம் எண்ண வேண்டும். இரண்டு மாதத்துக்குட்பட்டால் 60, இரண்டு முதல் பன்னிரண்டு மாதம் வரை 50, ஒன்று முதல் ஐந்து வயது வரை 40. இவற்றை எட்டினாலோ மிஞ்சினாலோ வேகமூச்சு. 2014இல் திருத்தப்பட்ட வழிகாட்டுதலின்படி, அபாய அறிகுறிகள் இல்லாத இரண்டு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைக்கு மார்பு உள்வாங்கினாலும் வாய்வழி அமாக்சிசிலின் கொடுத்து வீட்டிலேயே பேணலாம். பால் குடிக்க முடியாமை, மயக்கம், வலிப்பு போன்றவை தோன்றினால் உடனே மருத்துவமனைதான். பெரியவர்களிடமும் எண்ணிக்கை கைகொடுக்கிறது: நோயின் கடுமையை அளக்கும் கர்ப்-65 மதிப்பீட்டில் நிமிடத்துக்கு 30 அல்லது அதற்கு மேற்பட்ட மூச்சு ஓர் எச்சரிக்கைப் புள்ளி.

இம்முறைக்கு எல்லைகளும் உண்டு. மூச்சிரைப்பு நோயிலும் மூச்சு வேகமாகும். வைரசால் வந்ததா பாக்டீரியாவால் வந்ததா என்பதை எண்ணிக்கை சொல்லாது; ஆகவே தேவையற்ற நுண்ணுயிர்க்கொல்லி போய்ச் சேரும் வாய்ப்பு இருக்கிறது. கொரோனா காலத்தில், திணறலே உணராமல் ஆக்சிஜன் குறைந்தவர்களை விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் காட்டிக்கொடுத்தது. அங்கே சொல் தோற்றது, கருவி வென்றது. நோயை வராமல் தடுப்பதிலும் முன்னேற்றம் உண்டு: ஹிப் கிருமிக்கு எதிரான கூறு அடங்கிய ஐந்திணைத் தடுப்பூசி, இந்தியாவின் பொதுத் திட்டத்தில் முதலில் நுழைந்தது 2011 டிசம்பரில், கேரளத்திலும் தமிழ்நாட்டிலும்தான்.

இருந்தும், மருத்துவமனைக்குக் கிளம்புவதா விடியும்வரை பொறுப்பதா என்ற முடிவு வீட்டில், இரவில், ஒரு சொல்லை வைத்தே எடுக்கப்படுகிறது. 'வெறும் சளி' என்று பெயரிட்டால் காத்திருப்பார்கள். 'மேல்மூச்சு வாங்குது' என்றால் எழுந்து ஓடுவார்கள்.

ஆகவே ஒரு வேண்டுகோள். குழந்தை மூச்சு விடுகையில் விலாவுக்குக் கீழே குழி விழுவதை உங்கள் வீட்டுப் பெரியவர்கள் என்ன சொல்லி அழைக்கிறார்கள்? ஊர், மாவட்டப் பெயரோடு பின்னூட்டத்தில் எழுதுங்கள். கொச்சி, பாலக்காடு, குமரி, தென்காசி என எல்லையோரத்து நண்பர்கள் அவசியம் எழுத வேண்டும். ஒரே சொல் இரண்டு நோயைக் குறிக்கும் ஆபத்து அங்கேதான் மிகுதி.