அழுகும் சரக்கும் கூலிக்காரரின் நாளும்

1887 ஜூலை 29. நெதர்லாந்தின் ப்ரூக் ஓப் லாங்கடைக் என்ற ஊரில் டிர்க் யோங்கர்லிங் என்ற விவசாயி தன் காலிஃப்ளவரை வியாபாரிகளிடம் தனித்தனியாகப் பேரம் பேசாமல் ஏலம் விட்டார். விலை மேலிருந்து இறங்கும். முதலில் குரல் கொடுப்பவருக்குச் சரக்கு.

அழுகும் சரக்கில் நேரம் எப்போதும் வாங்குபவர் பக்கமே நிற்கும். மாலைவரை இழுத்தடித்தால் விவசாயி கேட்ட விலைக்குக் கொடுத்தே ஆகவேண்டும். இறங்கு ஏலம் இதைத் திருப்பிப் போட்டது. தயங்கும் வியாபாரிக்குச் சரக்கு கைநழுவும். 1903இல் அங்கே ஏலக் கடிகாரம் வந்தது. அந்தக் கடிகாரம்தான் இன்று ஆல்ஸ்மீர் மலர்ச் சந்தையின் வியாபாரிகளுக்குக் கணினித் திரையில் ஓடுகிறது. ஒரு விற்பனைக்குச் சில நொடிகள்தான்.

நம் நாட்டில் இணையவழி வேளாண் சந்தையான இ-நாம் 2016 ஏப்ரல் 14 அன்று 21 மண்டிகளோடு தொடங்கியது. அது அண்ணல் அம்பேத்கர் பிறந்தநாள். அந்த நாளைத் தேர்ந்தெடுத்தவர்களிடம் ஒரு கேள்வி: நிலமே இல்லாத நம் மக்கள் அந்தத் திரையில் எதை விற்பது?

அவர்களிடம் இருப்பது இன்றைய உழைப்பு மட்டுமே. அதுவும் அழுகும் சரக்குதான். காலையில் கூப்பிட ஆள் வராவிட்டால் அந்த நாளின் கூலி போனது போனதுதான். அது தெரிந்தே கூலியைக் குறைத்துப் பேசுகிறார்கள்.

சந்தையின் விதிகளை மனிதர்கள்தான் எழுதுகிறார்கள். லாங்கடைக்கில் விற்பவர்கள் ஒன்றுசேர்ந்ததால் புது விதி நிலைத்தது. தோழர்களே, செயலிகள் கூலி வேலையையும் பங்கிடத் தொடங்கிவிட்ட காலம் இது. அதன் விதியை எழுதும் மேசையில் நமக்கு இடம் வேண்டும். ஒன்றுசேராமல் அது கிடைக்காது.