லயத்து வீட்டைப் பார்க்க வந்தவர்கள்

மலாயாத் தோட்டத்து லயங்களில் வாழ்ந்தவர்களின் கதைகள் நம்மிடம் நிறைய உண்டு. அந்த வீடுகளைச் சோதிக்க வந்தவர்களின் கதையை அவ்வளவாகக் கேட்டதில்லை. யார் வந்தார்கள், எதைப் பார்த்தார்கள், பார்த்ததை யாரிடம் சொன்னார்கள்? கட்டடங்களில் மின்சாரமும் குளிர்ச்சியும் எங்கே வீணாகின்றன என்று கணக்குப் பார்ப்பது என் வேலை. அதனால் இது எனக்குப் பழங்கதையாகப் படவில்லை. ஒரு வீட்டின் கூரையைச் செப்பனிட்டபின் வேலை ஒழுங்காக நடந்ததா என்று பார்க்கப் போகும் ஆளுக்குச் சம்பளம் கொடுப்பவர் யார்? எங்கள் தொழிலில் பாதிச் சண்டை இதில்தான். தோட்டத்தில் அந்தச் சண்டைக்கு நூறு வயதுக்கு மேல் ஆகிறது.

போர்ட்டிக்சனிலிருந்து தெலுக் கெமாங் போகும் கடற்கரைச் சாலையில் இருக்கிறது சி ரூசா. கடல் பக்கம் ஹோட்டல்கள், உள்பக்கம் தாமான்களும் செம்பனையும். அதற்குமுன் கித்தாக் காடு. சிரம்பானுக்கும் போர்ட்டிக்சனுக்கும் இடையே 1891இலேயே ரயில் ஓடத் தொடங்கிவிட்டது. ஆக, ரப்பர் வந்தபோது தண்டவாளமும் துறையும் தயாராகக் காத்திருந்தன. சுவா பெத்தோங், சிலியாவ், பிராட்வால் என்று இந்த வட்டாரத்துத் தோட்டப் பெயர்களைச் சொன்னால் நெகிரி செம்பிலான் தமிழர் பலருக்குப் பாட்டன் ஞாபகம் வரும். தோட்டம் திறந்த இடத்தில் லயம் எழுந்தது.

முதல் காலத்து லயங்கள் பலவும் பலகைச் சுவரும் அத்தாப்புக் கூரையுமாக இருந்தவை. ஓர் அறை, முன்னால் ஓர் அஞ்சடி, அவ்வளவுதான் ஒரு குடும்பத்துக்கு. அத்தாப்பு அடுக்குகளுக்கு நடுவே காற்று தங்கும். வெயில் உள்ளே இறங்க நேரம் பிடிக்கும். அதற்காக அதைச் சொர்க்கம் என்று சொல்ல நான் தயாரில்லை. ஒழுகும், தீப்பிடிக்கும், எலி குடியிருக்கும், சில வருடத்துக்கு ஒருதரம் மாற்றியாக வேண்டும். தகரம் வந்தபோது இந்தத் தொல்லையெல்லாம் போனது. வேறொரு தொல்லை வந்து உட்கார்ந்தது. நல்ல வெயிலில் தகரத்தின் சூடு 60 டிகிரியைத் தாண்டும். துரு ஏற ஏற அது வாங்கும் வெயில் இன்னும் கூடும். சீலிங் இல்லாத வீட்டில் அந்தச் சூடு நேராகத் தலையில் இறங்கும். விடியற்காலை பெரட்டுக்கு நின்று, மதியம்வரை பால் வெட்டிச் சுமந்து, வீடு திரும்பிக் கண்ணயரும் நேரமும் தகரம் உச்சத்தில் கொதிக்கும் நேரமும் ஒன்றுதான். சோதிக்க வந்த அதிகாரியின் தாளில் தகரக் கூரையும் சிமெண்டுத் தரையும் முன்னேற்றமாகவே பதிவாகின. அவர் கணக்கில் அது உண்மையும்கூட.

ஏனென்றால் அவர் தேடி வந்தது வேறு. 1907இல் தமிழ்க் குடியேற்ற நிதி அமைக்கப்பட்டது. தோட்டங்கள் எல்லாம் அதற்குப் பணம் கட்டின. அந்தப் பணத்தில் இந்தியாவிலிருந்து ஆள் கொண்டுவந்தார்கள். ஓர் ஆள் நாகப்பட்டினத்தில் கப்பலேறித் தோட்டத்தில் வந்து இறங்குவதற்குள் இவ்வளவு செலவு என்று கணக்கு உண்டு. வந்த ஆள் மலேரியாவில் செத்தால் அந்தப் பணம் போச்சு. 1911இல் மலேரியா ஆலோசனை வாரியம் அமைந்தது. கிள்ளான் பக்கம் டாக்டர் மால்கம் வாட்சன் வடிகால் வெட்டி, தேங்கிய நீரில் எண்ணெய் ஊற்றி, கொசு எங்கே முட்டையிடுகிறது என்று ஓடை ஓடையாகத் தேடியதெல்லாம் இந்தக் காலத்தில்தான். அவர் பெரிய வேலை செய்தார், சந்தேகமில்லை. பிறகு 1912இன் தொழிலாளர் சட்டக்கோவை வந்தது. லயம், குடிநீர், ஆஸ்பத்திரி மூன்றையும் பார்த்து உத்தரவு போடும் அதிகாரம் தொழிலாளர் இலாகாவுக்குக் கிடைத்தது. சாக்கடை, கக்கூஸ், கொசு, கிணறு என்று ஆளைக் கொல்லும் விஷயங்கள் எல்லாம் பட்டியலில் ஏறின. ஆளை வாட்டும் விஷயத்துக்கு அதில் இடமில்லை. வெக்கையில் தூங்காதவன் மறுநாளும் பெரட்டுக்கு வந்துவிடுவான்.

தோட்டத்தில் வளர்ந்த பெரியவர்களிடம் பேச்சுக்கொடுத்தால் ஒன்று சொல்வார்கள்: "சுண்ணாம்பு வாளி வெளிய வந்துச்சுன்னா யாரோ பெரிய ஆளு வர்றாருன்னு அர்த்தம்." வருபவர் துரையின் பங்களாவில் இறங்கி, துரையோடு சாப்பிட்டு, துரையோடு நடந்து லயத்துக்கு வருவார். கிராணி புத்தகத்தை நீட்டுவார். வீட்டுக்காரி கதவோரம் நிற்பாள். அவளிடம் கேட்பதற்கு ஒன்றும் இல்லை என்பதுதான் அந்தச் சடங்கின் அமைப்பே.

இதை மாற்ற முயற்சி நடக்காமல் இல்லை. 1924இல் தோட்டச் சுகாதாரம் பற்றி ஓர் ஆணைக்குழு அறிக்கை தந்தது. அதன்பேரில் 1926இல் சுகாதார வாரியச் சட்டம் வந்தது. ஒவ்வொரு தோட்டமும் தன் சொந்த டிரெசரை வைத்துத் தன்னையே சோதித்துக்கொள்வதை விட்டு, எல்லாத் தோட்டமும் வரி கட்டி, பொதுவான வாரியம் ஒன்று மருத்துவமும் சோதனையும் நடத்தட்டும் என்பது யோசனை. என் கண்ணில் அந்தக் காலத்தில் வந்த மிக நல்ல யோசனை இதுதான். வரி என்றதும் தோட்ட முதலாளிகள் முகம் சுளித்தார்கள். ரப்பர் விலை சரிந்த மந்த காலத்தைத் தாண்டி அது உயிரோடு இருக்கவில்லை. டிரெசர் மறுபடியும் துரையின் ஆளாகவே நின்றார்.

இன்னொரு கண் வெளியிலிருந்து வந்தது. 1922இன் இந்தியக் குடிபெயர்வுச் சட்டத்துக்குப் பிறகு இந்திய அரசின் ஏஜெண்டு ஒருவர் கோலாலம்பூரில் அமர்ந்தார். தோட்டத்துக்குள் நுழைந்து பார்க்கும் உரிமை அவருக்குச் சட்டப்படி உண்டு. ஆண்டுதோறும் அறிக்கை எழுதினார்கள். 1936 டிசம்பரில் சீனிவாச சாஸ்திரி வந்தார், தோட்டங்களைச் சுற்றினார், 1937இல் அவர் அறிக்கை வெளியானது. அதே 1936இல் உருவாகியிருந்த மலாயா மத்திய இந்தியர் சங்கத்துக்கு அது ஏமாற்றம்தான். விருந்தாளியாக வந்தவர் வீட்டுக்காரரைக் கோபித்துக்கொள்வது எப்போதுமே கஷ்டம்.

1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நடந்த வேலைநிறுத்தத்தின் கோரிக்கைப் பட்டியலைப் படித்தபோது ஒரு வரியில் நின்றுவிட்டேன். கூலி உயர்வு, கள்ளுக்கடையை மூடுவது, துரைக்கு முன்னால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டிய அவமானம் ஆகியவற்றைப் பற்றிப் பலரும் எழுதியிருக்கிறார்கள். அதே பட்டியலில், சொந்தக்காரரும் நண்பர்களும் தடையில்லாமல் தோட்டத்துக்குள் வந்துபோக வேண்டும் என்பதும் ஒரு கோரிக்கை. தோட்டம் தனியார் நிலம். ஏஜெண்டு வரலாம், டாக்டர் வரலாம். மச்சானும் மாமாவும் வருவதென்றால் கேட்டுத்தான் வர வேண்டும். வீட்டில் குடியிருப்பவர், தன் வீட்டைத் தான் விரும்பும் ஆளுக்குக் காட்டும் உரிமையைக் கேட்கிறார். அதைச் சோதனை உரிமை என்று அன்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். நான் அப்படித்தான் படிக்கிறேன்.

யுத்தம் வந்தது, ஜப்பான்காரன் வந்தான், போனான். 1948இல் தொடங்கிய அவசரகாலத்தில் லயங்களை ஒன்றாகச் சேர்த்து முள்கம்பி போட்டார்கள். அப்போது வாசலில் நடந்த சோதனை வேறு வகை. வெளியே போகும் சோற்றைச் சோதித்தார்கள்.

சுதந்திரத்துக்குப் பிறகு 1966இல் தொழிலாளர் குறைந்தபட்ச வீட்டுத்தரச் சட்டம், பிறகு 1990இல் வசதிகளையும் சேர்த்து 446ஆம் சட்டம். குழாய்த் தண்ணீரும் மின்சாரமும் முதலாளியின் கடமை என்று எழுதப்பட்டது நல்ல விஷயம். மாலையில் இன்ஜின் போட்டு இரவில் நிறுத்திவிடும் தோட்டங்களில் படித்த பிள்ளைகளுக்கு அதன் அருமை தெரியும். வாரம் ஒருமுறை வீட்டுப் பகுதியைச் சுற்றிப் பார்த்துப் பதிவேட்டில் எழுதும் வேலையும் வந்தது. அதைப் பெரும்பாலும் தோட்டத்து எச்.ஏ., அதாவது பழைய டிரெசரின் வாரிசு, செய்கிறார். இன்று செம்பனைத் தோட்டங்களுக்குச் சான்றிதழ் தரும் தணிக்கையாளர்கள் வந்து முதலில் கேட்கும் புத்தகங்களில் அதுவும் ஒன்று. புத்தகம் இருக்கிறதா, வாராவாரம் கையெழுத்து இருக்கிறதா? இருக்கும். கையெழுத்துப் போட்டவருக்குச் சம்பளம் தோட்டம் தருகிறது.

446ஆம் சட்டம் திருத்தப்பட்டு, 2020 ஜூன் 1 முதல் தோட்டத்தைத் தாண்டி எல்லாத் துறைக்கும் விரிந்தது. தங்குமிடச் சான்றிதழ் கட்டாயமானது. ஆனாலும் அதிகாரிகள் கூட்டம் கூட்டமாகப் புறப்பட்டது அந்த நவம்பரில், கிள்ளான் மேருவில் கையுறைத் தொழிலாளர் விடுதிகளில் ஆயிரக்கணக்கானோருக்குக் கொரோனா வந்தபிறகுதான். நோய் வெளியே வரும் என்ற பயம் வந்தால் வீட்டைத் திறந்து பார்க்கிறார்கள். 1911இலும் அதுதான் நடந்தது. புதிய விதிகளைப் படித்துப் பார்த்தேன். பொதுக்கூடமாக இல்லாத விடுதியில் தலைக்கு 3.6 சதுர மீட்டர் படுக்குமிடம், மெத்தை நாலு அங்குலம், அறைக்கு ஒரு விசிறி, ஒரு விளக்கு. அறைக்குள் சூடு எத்தனை டிகிரி வரை போகலாம் என்று ஒரு வரி இல்லை. 38 டிகிரிக் காற்றை விசிறி சுழற்றினாலும் அது 38 டிகிரிக் காற்றுதான்.

லயத்தை விட்டு வந்த நம் ஆட்கள் சி ரூசாவைச் சுற்றியுள்ள தாமான்களில் வீடு வாங்கினார்கள். சொந்த வீட்டில் சோதனை எப்படி? 2007 ஏப்ரல் வரை, வீடு குடியேறத் தகுதியானது என்ற சான்றிதழை நகராண்மைக்கழகம் தந்தது. அதன்பிறகு வேலையை மேற்பார்த்த கட்டடக்கலைஞரோ பொறியாளரோ தருகிறார். அவருக்குப் பணம் கொடுப்பவர் வீட்டைக் கட்டி விற்கும் மேம்பாட்டாளர். என் தொழில்காரர்களைக் குறை சொல்ல எனக்கு ஆசையில்லை, பலர் நேர்மையானவர்கள்; ஆனால் அமைப்பு பழைய அமைப்பு. சாவி வாங்கியபின் 24 மாதம்வரை குறை சொல்லலாம். விரிசல், ஒழுகல், கோணல் கதவு எல்லாம் குறை. வெக்கை குறையில்லை.

வெக்கையைச் சரிசெய்யப் போகும்போது இந்த வரலாறு எதற்கு என்று கேட்கலாம். ஆஸ்திரேலியாவில் 2009 பிப்ரவரியில் வீட்டுக் கூரைகளுக்கு வெப்பக்காப்புப் போட அரசாங்கமே காசு கொடுத்தது. பத்து லட்சத்துக்கு மேற்பட்ட வீடுகளில் மளமளவென்று வேலை நடந்தது. சோதனை பின்தங்கியது. வேலைக்குப் போன நான்கு இளைஞர்கள் இறந்தார்கள். மூவர் மின்சாரம் தாக்கி, ஒருவர் கூரைக்குள் இருந்த சூடு தாங்காமல். ஒரே வருடத்தில் திட்டத்தை மூடிவிட்டு, அலுமினியத் தாள் போட்ட ஏறத்தாழ 50,000 வீடுகளுக்குத் திரும்பப் போனார்கள். அமெரிக்காவில் 1976 முதல் ஏழைகளின் வீடுகளைச் செப்பனிடும் திட்டம் ஒன்று ஓடுகிறது. அங்கே 2015இலிருந்து, முடிந்த ஒவ்வொரு வீட்டையும் அதற்கென்றே தேர்வு எழுதிச் சான்று பெற்ற சோதகர் பார்த்தால்தான் காசு. நாற்பது வருடம் எடுத்திருக்கிறது அந்த இடத்துக்கு வர.

நம் ஊரில் மலிவாகச் செய்யக்கூடியது தகரத்துக்கோ ஓட்டுக்கோ அடியில் அலுமினியத் தாள் போடுவது. தாளுக்குக் கீழே குறைந்தது ஓர் அங்குலக் காற்றிடைவெளி வேண்டும், பளபளப்பான பக்கம் அந்த இடைவெளியைப் பார்த்து இருக்க வேண்டும். இடைவெளியில்லாமல் இரண்டு பொருளுக்கு நடுவே தாள் அமுங்கிவிட்டால் அது வெறும் உலோகம், சூட்டைக் கடத்திவிடும். சீலிங்கை மூடியபிறகு சரியான வேலையும் தப்பான வேலையும் வெளியிலிருந்து ஒரே மாதிரி இருக்கும். ஆகவே சோதனை சீலிங் மூடுவதற்கு முன்பே நடக்க வேண்டும். வேலை தொடங்குமுன் ஒரு வாரமும் முடிந்தபின் ஒரு வாரமும் அறைக்குள் சூட்டை அளந்து எழுத வேண்டும். பதிவுக் கருவி இல்லாவிட்டால் கடையில் கிடைக்கும் சாதாரண வெப்பமானி போதும். மதியம் மூன்று மணிக்கு ஒருதரம், படுக்கும் நேரத்தில் ஒருதரம். அந்த நேரத்தில் வீட்டில் இருப்பது எச்.ஏ.வும் இல்லை, பொறியாளரும் இல்லை.

2025 ஜனவரியில் அமலுக்கு வந்த எரிசக்தித் திறன், சேமிப்புச் சட்டம் பெரிய ஆலைகளையும் பெரிய அலுவலகக் கட்டடங்களையும் பிடிக்கிறது. சி ரூசா தாமான் வீடு அதன் கணக்கில் வராது. இப்போதைக்கு அந்த வீட்டின் சீலிங் பலகையைத் தள்ளி, மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, ஏணி போட்டு டார்ச் அடித்துப் பார்க்க வேண்டியது வீட்டுக்காரர்தான். துணைக்கு மச்சானைக் கூப்பிட்டுக்கொள்ளலாம், இன்று அவருக்கு அனுமதி தேவையில்லை.