முதுகுவலியும் முதுகெலும்பு அறுவை சிகிச்சையும்
முதுகுவலிக்கு அறுவை தேவையா என்பதை எம்.ஆர்.ஐ. படம் மட்டுமே தீர்மானித்துவிடாது. வலியே இல்லாதவர்களின் படங்களைத் தொகுத்தாராய்ந்த 2015ஆம் ஆண்டு ஆய்வொன்றில், 20 வயதினரில் 37 விழுக்காட்டினருக்கும் 80 வயதினரில் 96 விழுக்காட்டினருக்கும் டிஸ்க் தேய்மானம் தெரிந்தது. ஆகவே, நரம்பு அழுந்திக் காலுக்கு இறங்கும் வலியும் படமும் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போனாலும் பெரும்பாலும் அவசரமில்லை. 2007இல் வெளியான நெதர்லாந்து ஆய்வில், முன்கூட்டியே அறுவை செய்துகொண்டோருக்குக் கால்வலி விரைவாகத் தணிந்தது. ஓராண்டு முடிவில் காத்திருந்தோரும் ஏறக்குறைய அதே நிலைக்கு வந்துவிட்டனர். காத்திருந்தோரில் 39 விழுக்காட்டினர் பிறகு அறுவைக்குப் போனார்களே என்று கேட்கலாம். உண்மைதான், எஞ்சிய பெரும்பான்மையினருக்கு அந்த ஓராண்டில் கத்தி தேவைப்படவில்லை. வலி பொறுக்க முடியாதவருக்கோ, விரைந்த நிவாரணமே போதிய காரணம். சிறுநீர் அடைபடுதல், பிறப்புறுப்பைச் சுற்றி மரத்துப்போதல், கால் வேகமாக வலுவிழத்தல் ஆகியவற்றுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அவை உடனடியாக மருத்துவமனைக்குப் போக வேண்டிய அறிகுறிகள்.