தனிநபர் துப்பாக்கி விற்பனை (அமெரிக்கா)

துப்பாக்கி வணிக உரிமம் இல்லாத ஒருவர் தம்மிடம் உள்ள துப்பாக்கியை இன்னொருவருக்கு விற்பதே தனிநபர் துப்பாக்கி விற்பனை. அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி இது குற்றமல்ல. கடைக்காரர் விற்றால், வாங்குபவர் படிவம் நிரப்ப வேண்டும். அவருடைய பின்னணி சரிபார்க்கப்படும். அதே துப்பாக்கியைப் பக்கத்து வீட்டுக்காரர் விற்றால் இரண்டும் கட்டாயமில்லை. சட்டம் பார்ப்பது பொருளை அல்ல, விற்பவரின் தொழிலை.

இந்தப் பாகுபாடு 1968-இல் தொடங்கியது. 1963-இல் ஜனாதிபதி கென்னடியைச் சுட்ட ரைஃபிள், பத்திரிகை விளம்பரத்தைப் பார்த்துப் பொய்ப் பெயரில் தபாலில் வரவழைக்கப்பட்டது, விலை 19.95 டாலர். 1968-இல் மார்ட்டின் லூதர் கிங்கும் ராபர்ட் கென்னடியும் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகே துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. தபால் வியாபாரம் முடக்கப்பட்டது. துப்பாக்கி விற்பதைத் தொழிலாகச் செய்பவர்களுக்கு உரிமம் கட்டாயமானது. எப்போதாவது விற்பவர்கள் வெளியே விடப்பட்டார்கள். 1986-இல் வந்த திருத்தம் அந்த வாசலை இன்னும் அகலமாக்கியது: பிழைப்பும் லாபமுமே முக்கிய நோக்கமாக, திரும்பத் திரும்ப வாங்கி விற்றால்தான் அது தொழில், சொந்தச் சேகரிப்பை விற்பது தொழில் ஆகாது.

1981-இல் ஜனாதிபதி ரீகன் மீது நடந்த துப்பாக்கிச் சூட்டில் அவருடைய பத்திரிகைச் செயலாளர் ஜேம்ஸ் பிரேடி தலையில் குண்டு பாய்ந்து உடல் முடங்கினார். அவர் பெயரில் 1993-இல் நிறைவேறிய சட்டம் பின்னணிச் சரிபார்ப்பைக் கொண்டுவந்தது. எஃப்.பி.ஐ. நடத்தும் கணினி முறை 1998 நவம்பர் 30 அன்று செயல்படத் தொடங்கியது. அதுவும் உரிமம் பெற்றவர்களை மட்டுமே கட்டுப்படுத்துகிறது.

எது கூடாது?

தனிநபருக்கும் வேலிகள் உண்டு. வேறு மாநிலத்தில் வசிப்பவருக்கு நேரடியாக விற்க முடியாது. உரிமம் பெற்ற கடை வழியாகவே கைமாற்ற வேண்டும். 18 வயது நிரம்பாதவருக்குக் கைத்துப்பாக்கி விற்கக் கூடாது. இயந்திரத் துப்பாக்கி என்றால், 1934-ஆம் ஆண்டுச் சட்டப்படி அரசின் முன் அனுமதி வேண்டும்.

கடும் குற்றத்தில் தண்டனை பெற்றவர், குடும்ப வன்முறைக் குற்றவாளி போன்ற தடை செய்யப்பட்டவர்களுக்கு, அது தெரிந்தோ, சந்தேகிக்க நியாயமான காரணம் இருந்தோ விற்பது குற்றம். ஆனால் கேட்டுத் தெரிந்துகொள்ளும் கடமை விற்பவருக்கு இல்லை. சர்ச்சை முழுவதும் இந்த இடைவெளியில்தான் நிற்கிறது.

சந்தையும் ஓட்டையும்

இந்த இடைவெளியைத் ‘துப்பாக்கிச் சந்தை ஓட்டை’ என்று சொல்வது வழக்கம். பெயர் அவ்வளவு பொருத்தமில்லை. சந்தையில் கடை போடும் உரிமதாரரும் சரிபார்த்தே ஆகவேண்டும். விலக்கு தனிநபருக்கு, அவர் எங்கே விற்றாலும். பெயர் பரவக் காரணம் 1999-இல் கொலராடோ மாநிலக் கொலம்பைன் பள்ளியில் நடந்த படுகொலை. அங்கே பயன்பட்ட நான்கு துப்பாக்கிகளில் மூன்றை, கொலையாளிகளின் 18 வயதுத் தோழி ஒருவர் சந்தையில் தனிநபர்களிடம் வாங்கிக் கொடுத்திருந்தார். அடுத்த ஆண்டே கொலராடோ மக்கள் வாக்கெடுப்பில், சந்தை விற்பனை அனைத்துக்கும் சரிபார்ப்பைக் கட்டாயமாக்கினார்கள்.

சந்தைக்கு வெளியேயும் இப்படி விற்பனை நடப்பதற்குச் சான்று டெக்சஸ். 2019 ஆகஸ்டில் மிட்லண்ட், ஒடெசா நகரங்களில் 7 பேரைக் கொன்றவர், 2014-இல் துப்பாக்கி வாங்க முயன்றபோது மனநலக் காரணத்தால் சரிபார்ப்பில் தடுக்கப்பட்டவர். பிறகு தனிநபர் ஒருவரிடம் ரைஃபிள் வாங்கினார். உரிமமின்றித் துப்பாக்கித் தொழில் நடத்தியதற்காக அந்த விற்பனையாளருக்கு இரண்டு ஆண்டுச் சிறை கிடைத்தது.

எவ்வளவு துப்பாக்கி இப்படிக் கைமாறுகிறது? 1990-களின் ஆய்வைக் காட்டி 40 விழுக்காடு என்று நெடுங்காலம் பேசப்பட்டது. 2017-இல் வெளியான ஆய்வில், முந்தைய இரண்டு ஆண்டுகளில் துப்பாக்கி பெற்றவர்களில் 22 விழுக்காட்டினர் சரிபார்ப்பு இல்லாமல் பெற்றதாகத் தெரிந்தது.

மாநிலத்துக்கு மாநிலம்

கலிபோர்னியாவில் 1991 முதல் நண்பருக்கு விற்பதென்றாலும் கடை வழியாகவே விற்க வேண்டும். பத்து நாள் காத்திருக்கவும் வேண்டும். நெருங்கிய உறவினருக்குச் சில விலக்குகள் உண்டு. வாஷிங்டன் மாநிலம் 2014-இல் வாக்கெடுப்பு மூலம் இதே வழிக்கு வந்தது. நெவாடாவில் 2016 வாக்கெடுப்பில் வென்ற சட்டம், சரிபார்ப்பைச் செய்ய எஃப்.பி.ஐ. மறுத்ததால் முடங்கியது, 2019-இல் சட்டமன்றம் புதிய சட்டம் இயற்ற வேண்டியதாயிற்று. டெக்சஸ், அரிசோனா மாநிலங்களில் இத்தகைய கட்டாயம் இல்லை.

நாடு முழுவதற்கும் பொதுவிதி கொண்டுவரும் முயற்சி 2013 ஏப்ரலில் செனட்டில் 54–46 என்று பெரும்பான்மை பெற்றும், தேவையான 60 வாக்குகள் கிடைக்காமல் விழுந்தது. 2022-ஆம் ஆண்டுச் சட்டம் தொழில் என்பதன் விளக்கத்திலிருந்து ‘பிழைப்பு’ என்ற நிபந்தனையை நீக்கி, லாப நோக்கம் இருந்தாலே போதும் என்றாக்கியது.

கட்டாயம் இல்லாத மாநிலங்களிலும் எச்சரிக்கையான விற்பனையாளர்கள் ஓட்டுநர் உரிமத்தைப் பார்த்து, விற்பனைச் சீட்டு எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்வதுண்டு. அந்தச் சீட்டைக் கூட்டாட்சிச் சட்டம் கேட்பதில்லை.