வண்டு வராத தோட்டங்கள்

உலகச் சந்தையில் மிகுதியாக விற்பனையாகும் தாவர எண்ணெய் பாமாயில். அதைத் தரும் எண்ணெய்ப்பனை, மலேசியத் தமிழர் செம்பனை என்று வழங்கும் மரம், மேற்கு ஆப்பிரிக்காவின் மழைக்காடுகளைத் தாயகமாகக் கொண்டது; ஆயினும் இன்றைய உற்பத்தியில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் இந்தோனேசியாவிலும் மலேசியாவிலும்தான் நடைபெறுகிறது. இம்மரம் கண்டம் விட்டுக் கண்டம் பெயர்ந்த வரலாற்றை எழுதியோர் விதை, நிலம், மூலதனம், கூலி ஆகியவற்றைப் பற்றி விரிவாகவே எழுதியுள்ளனர். பூவைக் காயாக்கும் பூச்சிக்கு அந்நூல்களில் கிடைத்த இடம் மிகக் குறைவு. செம்பனை ஆசிய மண்ணில் ஊன்றப்பட்டது 1848இல். அதன் மகரந்தத்தைச் சுமக்கும் வண்டு ஆசியாவுக்குக் கொண்டுவரப்பட்டதோ 1981ஆம் ஆண்டையொட்டித்தான். இடைப்பட்ட காலத்தில், குறிப்பாகப் பெருந்தோட்டங்கள் பெருகிய பின்னர், அந்த வண்டின் வேலையை மனிதக் கைகள் செய்தன என்பதும், தீபகற்ப மலேசியாவில் அக்கைகளில் பல தமிழ்த் தொழிலாளருடையவை என்பதும் இவ்வரலாற்றின் மையமாக வைக்கப்பட வேண்டிய செய்திகள்.

பிரிட்டன் 1807இல் அடிமை வணிகத்தைத் தடைசெய்த பின்னர், மேற்கு ஆப்பிரிக்கக் கரையில் மனிதரை விலைக்கு வாங்கிவந்த கப்பல்கள் படிப்படியாகப் பனையெண்ணெய்க்குத் திரும்பின. லிவர்பூல் துறைமுகம் அவ்வணிகத்தின் தலைமையிடமாயிற்று. நைஜர் ஆற்றின் கழிமுகக் கிளைகளை எண்ணெய் ஆறுகள் என்றே ஆங்கில வணிகர் குறிப்பிட்டனர். சோப்பு, மெழுகுவத்தி, இயந்திரங்களுக்கான மசகு எனத் தொழிற்புரட்சியின் தேவைகளுக்காக ஏற்றுமதியான அந்த எண்ணெய், பெருந்தோட்டங்களில் விளைந்ததன்று. ஊர்ப்புறத் தோப்புகளிலும் காடழித்த நிலங்களிலும் தாமே முளைத்து நின்ற மரங்களிலிருந்து உள்ளூர் மக்கள் குலை வெட்டி, அவித்து, மிதித்துப் பிழிந்தெடுத்த எண்ணெய் அது. அம்மரங்கள் எவ்வாறு காய்க்கின்றன என்று கேட்க வேண்டிய தேவை எவருக்கும் நேரவில்லை, ஏனெனில் அவை காய்த்துக்கொண்டே இருந்தன.

ஆசியாவுக்குப் பெயர்ந்தவை நான்கே நான்கு கன்றுகள். ஜாவாவிலுள்ள போகோர் தாவரவியல் பூங்காவில் 1848இல் நடப்பட்ட அவற்றில் இரண்டு ஆம்ஸ்டர்டாமிலிருந்தும், இரண்டு இந்தியப் பெருங்கடலின் போர்போன் அல்லது மொரீசியஸ் தீவிலிருந்தும் வந்தவை. அவற்றின் வழித்தோன்றல்கள் சுமத்ராவின் தெலிப் பகுதிப் புகையிலைத் தோட்டங்களில் சாலையோர அழகு மரங்களாக நின்றன. 1911இல் பெல்ஜியத்தைச் சேர்ந்த அத்ரியன் ஹாலே அங்கே வணிக முறையில் எண்ணெய்ப்பனை பயிரிடத் தொடங்கினார். அவருடைய நண்பரான பிரெஞ்சுக்காரர் ஆன்றி ஃபோக்கோனியே, பின்னாளில் மலாயாவைப் பற்றிய நாவலுக்காக 1930இன் கோன்கூர் பரிசைப் பெற்றவர், 1917இல் சிலாங்கூரின் தென்னமரம் தோட்டத்தில் மலாயாவின் முதல் வணிகச் செம்பனை நடவை மேற்கொண்டார். விதைகள் பெட்டிகளில் பயணம் செய்யக்கூடியவை. பூக்களிலேயே பிறந்து பூக்களிலேயே மடியும் பூச்சிகளுக்கு அத்தகைய பயணம் வாய்க்கவில்லை.

பயிர் வந்து பூச்சி வராத கதை செம்பனைக்கு மட்டும் உரியதன்று. மெக்சிகோவின் வனிலாக் கொடி போர்போன் தீவில், அதாவது இன்றைய ரீயூனியனில், பல்லாண்டுகள் பூத்தும் காய்க்காமல் நின்றது. 1841இல் எட்மோன் அல்பியுஸ் என்ற பன்னிரண்டு வயது அடிமைச் சிறுவன், பூவினுள் ஆண் பகுதியையும் பெண் பகுதியையும் பிரிக்கும் மெல்லிய மடலைச் சிறு குச்சியால் நிமிர்த்தி, இரண்டையும் விரலால் அழுத்திச் சேர்க்கும் எளிய முறையைக் கண்டறிந்தான். உலகின் வனிலா வணிகம் இன்றளவும் அந்த விரல் அசைவின் மீதுதான் நிற்கிறது. ஸ்மிர்னா அத்தியைப் பயிரிட்ட கலிபோர்னிய விவசாயிகள் வேறு வழியை நாடினர். அந்த அத்திக்குரிய குளவியை 1899இல் அல்ஜீரியாவிலிருந்து வரவழைத்துத் தங்கள் தோப்புகளில் நிலைபெறச் செய்தனர். ஆகவே, விட்டுவந்த பூச்சியைத் தேடிக் கொணரலாம் என்ற எண்ணம் செம்பனைத் தோட்டங்கள் தோன்றுமுன்பே உலகில் இருந்தது. செம்பனை உடைமையாளர்கள் அதைச் செய்ய முற்படாததற்குக் காரணம், இம்மரத்தின் மகரந்தத்தைக் காற்றே சுமக்கிறது என்று அக்காலப் பாடநூல்கள் உறுதியாகச் சொன்னதுதான்.

செம்பனையின் பூப்பு முறையே இந்தத் தவறான முடிவுக்கு இடமளித்தது. ஒரே மரத்தில் ஆண் பூங்கொத்துகளும் பெண் பூங்கொத்துகளும் தோன்றும், ஆனால் ஒரே காலத்தில் அல்ல. சில மாதங்கள் ஆண் கொத்துகளாகவும் அடுத்த சில மாதங்கள் பெண் கொத்துகளாகவும் மாறிமாறி வருவதால், ஒரு மரத்தின் பெண் பூ பெரும்பாலும் மற்றொரு மரத்தின் மகரந்தத்தையே எதிர்நோக்கியிருக்கிறது. ஆண் கொத்து மிகுதியான மகரந்தத்தைப் பொடியாக உதிர்க்கும் என்பதால், காற்று அதைக் கொண்டுசெல்கிறது என்று கருதுவது இயல்பாக இருந்தது. பெண் பூ மகரந்தம் ஏற்கும் நிலையில் இருப்பது ஓரிரு நாள்கள் மட்டுமே. அதற்குள் மகரந்தம் சேராவிடில் குலையில் காய் பிடிக்காது, அல்லது குலை முழுவதும் அழுகி வீணாகும். இளம் மரங்களில் இச்சிக்கல் இன்னும் கடுமையாயிற்று, ஏனெனில் அவை தொடக்க ஆண்டுகளில் பெரும்பாலும் பெண் கொத்துகளையே ஈனுகின்றன. பெல்ஜியக் காங்கோவின் ஆய்வாளர்கள் 1941இல், தடித்த ஓட்டுக்கொட்டை கொண்ட தூரா வகையையும் ஓடற்ற பிசிஃபெரா வகையையும் கலந்தால் மெல்லிய ஓடும் மிகுந்த சதையும் உடைய தெனேரா வகை கிடைக்கும் என்று நிறுவினர். எண்ணெய் மிகுந்த இவ்வகை பின்னர் மலேசியாவெங்கும் நடப்பட்டபோது, ஆண் பூங்கொத்துகள் அரிதான இளந்தோட்டங்கள் பரந்து பெருகின.

அவ்வாறு அவை பெருகியதற்குப் பின்னே அரசின் கொள்கையும் இருந்தது. செயற்கை ரப்பரின் வரவால் இயற்கை ரப்பரின் எதிர்காலம் ஐயத்துக்குள்ளானபோது, பால்மரக் காடுகளை வெட்டிச் செம்பனை நடுவதை மலேசிய அரசு ஊக்குவித்தது. நிலமற்றோரைக் குடியேற்ற 1956இல் நிறுவப்பட்ட ஃபெல்டா என்னும் அரசு நில மேம்பாட்டு அமைப்பும் 1960களில் செம்பனைக்கு மாறியது. நாட்டில் ஏறத்தாழ 54,000 ஹெக்டேராக இருந்த செம்பனைப் பரப்பு இருபது ஆண்டுகளில், அதாவது 1980க்குள், பத்து இலட்சம் ஹெக்டேரை எட்டியது. ஏற்றுமதியில் நைஜீரியாவை மலேசியா முந்தியதும் 1960களின் நடுவில்தான். இந்தப் பெருக்கத்திற்கேற்பக் கைமுறை மகரந்தச் சேர்க்கைக்குத் தேவைப்பட்ட ஆள்களின் எண்ணிக்கையும் கூடியது.

அந்த வேலையின் தன்மை பின்வருமாறு. மலரும் நிலையிலுள்ள ஆண் கொத்தைப் பையால் மூடி, பருவமறிந்து வெட்டியெடுத்து, உதறிச் சலித்து, மகரந்தத்தை ஈரமின்றி உலர்த்தினர். டால்க் மாவுடன் கலந்த அந்தப் பொடியைப் பீச்சுகுழாய் பொருத்திய குப்பியில் அடைத்துக்கொண்டு, தொழிலாளர் ஒவ்வொரு மரத்தடியிலும் நின்று மட்டைகளின் இடுக்கில் பெண் கொத்து விரிந்துள்ளதா என்று அண்ணாந்து பார்த்தனர். முள் நிறைந்த மட்டைக்காம்புகளுக்கும் கூரிய பூவடிச் செதில்களுக்கும் இடையே கையை நுழைத்து, கொத்தின் எல்லாப் பக்கமும் படுமாறு பொடியைத் தூவ வேண்டும். உயர்ந்த மரமாயின் ஏணி வேண்டும். பூ ஓரிரு நாளில் பயனற்றுப் போகும் என்பதால், அதே நிரைக்குச் சில நாள்களுக்கொருமுறை மீண்டும் வர வேண்டும். மழை பெய்தால் தூவியது கரைந்துபோகும். தீபகற்ப மலேசியாவின் தனியார் தோட்டங்களில் இவ்வேலையில் ஈடுபட்ட தமிழருள் பெண்கள் பலர். பால்மரம் சீவுவோரைப் பற்றி மலேசியத் தமிழிலக்கியம் நிறையப் பேசியிருக்கிறது. பூவுக்குப் பொடி தூவியோர் அந்த அளவுக்குக் கதைகளிலோ கணக்குகளிலோ இடம்பெறவில்லை.

தீபகற்பத்தில் ஒருவகை இலைப்பேன் மகரந்தத்தை ஓரளவு பரப்பியதால், முதிர்ந்த தோட்டங்களில் கைவேலையைக் குறைக்க முடிந்தது. போர்னியோவின் வடகோடியிலுள்ள சபாவில் அந்த உதவியும் கிட்டவில்லை, மழையும் மிகுதி. எனவே அங்கே மரம் முதிர்ந்த பின்னும் தூவல் வேலை ஓயவில்லை. யூனிலிவர் நிறுவனத்தின் தோட்ட அதிகாரியாகக் கேமரூனில் பணியாற்றிவிட்டுச் சபாவுக்கு வந்த ஸ்காட்லாந்துக்காரர் லெஸ்லி டேவிட்சன், ஆப்பிரிக்காவில் ஆண் பூங்கொத்துகளை மொய்த்துக் கிடந்த சிறு வண்டுகள் இங்கே ஒன்றுகூட இல்லாததைக் கவனித்தார். அங்கே யாரும் தூவாமலே காய் நிறைகிறது, இங்கே தூவியும் நிறையவில்லை என்ற முரண்பாட்டுக்குக் காற்றுக் கோட்பாட்டில் விடையில்லை. அவருடைய ஐயத்தை நிறுவனம் ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது 1970களில். அப்பணி பாகிஸ்தானியப் பூச்சியியலாளர் ரஹ்மான் சையத்திடம் ஒப்படைக்கப்பட்டது.

காற்று நுழையவும் பூச்சி நுழையாதிருக்கவும் தக்கவாறு மூடிய கொத்துகளில் காய் பிடிப்பது மிகவும் குறைந்ததைக் கேமரூன் ஆய்வுகள் காட்டின. 1979இல் வெளியான சையத்தின் கட்டுரை, செம்பனை பூச்சிகளை நம்பியே காய்க்கும் மரம் என்று நிலைநாட்டியது. ஆண் பூவை நாடிய பல பூச்சிகளுள் எலைடோபியஸ் கேமரூனிகஸ் என்னும் கூன்வண்டு, மழைக்காலம், வறட்சிக்காலம் இரண்டிலும் சுறுசுறுப்பாக இயங்கி, மகரந்தத்தை மிகுதியாகச் சுமப்பதாக அவர் கண்டார். சில மில்லிமீட்டர் நீளமே உள்ள, நீண்ட மூக்குடைய இவ்வண்டு ஆண் பூக்களைத் தின்று, அங்கேயே முட்டையிட்டு, மகரந்தம் உதிர்ந்து முடிந்த கொத்திலேயே புழுவாக வளர்ந்து வெளிவருகிறது. ஆண் பூவிலிருந்து எழும் சோம்பு மணம் அதை ஈர்க்கிறது. பெண் பூவும் அதே மணத்தை இடையிடையே வெளிவிடுவதால், உணவை எதிர்பார்த்து அங்கு வரும் வண்டு, உடலில் ஒட்டிய மகரந்தத்தை விட்டுச் செல்கிறது. பெண் பூவில் அதற்கு உணவும் இல்லை, முட்டையிட இடமும் இல்லை.

அயல்நாட்டுப் பூச்சியை விடுவிப்பதிலுள்ள ஆபத்தை ஆய்வாளர்கள் உணர்ந்தேயிருந்தனர். வேறு பயிர்களின் மீது இவ்வண்டு பெருகுவதில்லை என்று சோதித்த பின்னரே, 1980இல் கூட்டுப்புழுக்கள் மலேசியாவுக்குக் கொண்டுவரப்பட்டு, தனிமைக் காப்பில் தலைமுறைகளாக வளர்க்கப்பட்டன. 1981 பிப்ரவரியில் ஜொகூர் மாநிலத்தின் குளுவாங் வட்டாரத் தோட்டத்திலும், அடுத்துச் சபாவிலும் அவை விடுவிக்கப்பட்டன. ஓரிரு ஆண்டுகளில் அவை செம்பனை இருந்த இடமெல்லாம் பரவின; பாதியளவில் நின்றிருந்த காய்ப்பிடிப்பு முக்கால் பங்கை நெருங்கியது. காய் நெருங்கிய குலைகள் இறுகி, அவற்றிலிருந்து பழங்களை உதிர்ப்பதே ஆலைகளுக்குச் சிரமமாயிற்று. கொட்டைப் பருப்பின் அளவும் கூடியதால், தேங்காயெண்ணெயுடன் நேரடியாகப் போட்டியிடும் பருப்பெண்ணெய் உலகச் சந்தைக்கு மிகுதியாக வந்தது. தென்னையை நம்பிய விவசாயிகளுக்கு இது நற்செய்தியாக இருந்திருக்க இயலாது. இந்தோனேசியாவும் பப்புவா நியூகினியும் விரைவிலேயே இவ்வண்டை வரவழைத்தன. இந்தியாவில் அது 1985இல் கேரளத்திற்குக் கொண்டுவரப்பட்டது.

பூச்சியியல் இதழொன்று 1983இல் இதனைப் பல மில்லியன் டாலர் வண்டு என்று தலைப்பிட்டுப் பாராட்டியது. அப்பாராட்டு பொருந்தாததன்று. ஆனால் அந்த மதிப்பீட்டில் ஒரு பெரும்பகுதி மிச்சமான கூலியே; வண்டு வந்த சில மாதங்களில் தூவல் கும்பல்கள் கலைக்கப்பட்டன, பீச்சுகுழாய்கள் கிடங்குக்குப் போயின. முள்ளுக்கும் வெயிலுக்கும் இடையே நடந்த அந்தப் பாரமான வேலை ஒழிந்ததை இழப்பென்று எண்ண வேண்டியதில்லை. எனினும், ஒரு பூச்சியின் உழைப்புக்கு நாணய மதிப்பு கண்ட நூல்கள், அதே உழைப்பை அரை நூற்றாண்டுக் காலம் குறைந்த கூலிக்குச் செய்தவர்களைச் செலவுக் கணக்கின் ஒரு வரியாக மட்டுமே விட்டுவைத்தது நேர்மையான வரலாறு ஆகாது. தமிழ்நாட்டு நியாயவிலைக் கடைகளில் பாமாயில் பாக்கெட்டாகக் கிடைக்கும் மலிவு விலைக்குப் பின்னே, வண்டோடு அவர்களும் இருக்கின்றனர்.

வண்டு வந்தபின் சிக்கல் முற்றிலும் தீர்ந்துவிடவில்லை. மழை மிகுந்த பகுதிகளிலும், ஆண் பூங்கொத்துகள் குறைவாகத் தோன்றும் புதிய உயர்விளைச்சல் வகைகளிலும், கரிச்சதுப்பு நிலத் தோட்டங்களிலும் காய்ப்பிடிப்பு மீண்டும் தளர்வதாகக் கடந்த சில பத்தாண்டுகளில் அறியப்பட்டுள்ளது; புழு வளரும் ஆண் கொத்துகளை எலிகள் கடித்துக் குதறுவதும் வண்டுகளைக் குறைக்கிறது. இதற்குத் தீர்வாக, முதிர்ந்த ஆண் கொத்துகளைப் பெட்டிகளில் வைத்து, வெளிவரும் வண்டுகளின் மேல் மகரந்தத்தைப் படியச் செய்து தோட்டத்தில் விடும் முறை இந்தோனேசியாவிலும் மலேசியாவிலும் கையாளப்படுகிறது. சில இளந்தோட்டங்களில் கைத்தூவலும் திரும்பியுள்ளது. மலேசியத் தோட்டங்களில் இன்று அவ்வேலைக்கு வருவோர் பெரும்பாலும் இந்தோனேசியாவிலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் ஒப்பந்தத்தில் வந்த தொழிலாளர்.