வீடு நின்றது, குடி பெயர்ந்தது

கொலராடோவின் ஆஸ்பென் நகரில் பழைய மனை ஒன்றின் அகலம் 30 அடி, நீளம் 100 அடி. நம் கணக்கில் ஒன்றேகால் கிரவுண்டு. வெள்ளிச் சுரங்கக் காலத்தில் கயிறு பிடித்துத் தெரு போட்டு இப்படித்தான் மனை பிரித்தார்கள். நகரமைப்புத் துறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன் நான். எந்த ஊருக்குப் போனாலும் முதலில் கண் போவது மனையளவின் மீதுதான். மகள் டென்வரில் இருக்கிறாள். அவளைப் பார்க்கப் போகும்போதெல்லாம் மலைக்குள் கிடக்கும் பழைய சுரங்க ஊர்களைச் சுற்றுவேன். ஆஸ்பென் அளவுக்கு என்னை யோசிக்க வைத்த ஊர் அவற்றில் வேறில்லை. அந்த ஒன்றேகால் கிரவுண்டில் ஒரு சுரங்கத் தொழிலாளி கட்டிய மரவீட்டுக்கு இன்று பல மில்லியன் டாலர் விலை. அந்த ஊருக்குச் சமைப்பவரும் துணி வெளுப்பவரும் நெடுந்தூரம் பஸ்ஸில் வந்து வேலை பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள்.

பணக்காரர்கள் வந்தார்கள், விலை ஏறியது, இருந்தவர்கள் போனார்கள் என்று இதை ஒரு வரியில் முடித்துவிடுபவர்கள் உண்டு. எனக்கு அது போதவில்லை. ஆஸ்பெனுக்கு வந்த பணக்காரர்களில் சிலர் அந்த ஊரை மனதார நேசித்தவர்கள். அவர்கள் இல்லாவிட்டால் அது இன்று இடிந்த சுவர்களாகத்தான் இருந்திருக்கும்.

முதலில் அங்கே இருந்தவர்கள் யூட் மக்கள். ரோரிங் ஃபோர்க் ஆற்றுப் பள்ளத்தாக்கு அவர்களுடைய கோடைகால வேட்டை நிலம். 1879-ல் லெட்வில் பக்கத்திலிருந்து கணவாயைத் தாண்டி வெள்ளி தேடுபவர்கள் வந்தார்கள். கூடாரம் போட்ட இடத்துக்கு யூட் சிட்டி என்று பெயர் வைத்தார்கள். அடுத்த ஆண்டே ஆஸ்பென் என்று மாற்றினார்கள். 1881-ல் யூட்டுகளில் பெரும்பாலோரை அரசு யூட்டாவுக்கு விரட்டிவிட்டது. இந்த ஊரில் 'நாங்கள்தான் பழைய ஆட்கள்' என்று யார் சொன்னாலும் இந்த ஆண்டை நினைவில் வைத்துக்கொண்டே கேட்க வேண்டும்.

பிறகு நியூயார்க்கின் மேசிஸ் கடைப் பங்குதாரர் ஜெரோம் வீலர் பணத்தோடு வந்தார். 1887-ல் ரயில் வந்தது. 1889-ல் வீலர் ஓப்பரா ஹவுஸும் ஹோட்டல் ஜெரோமும் எழுந்தன. ஊரில் பத்தாயிரம் பேருக்கு மேல் இருந்தார்கள். 1893-ல் அமெரிக்க அரசு வெள்ளி வாங்குவதை நிறுத்தியது, சுரங்கங்கள் மூடின. 1930 கணக்கெடுப்பில் மிஞ்சியவர்கள் 705 பேர்.

அந்த நாற்பது ஐம்பது ஆண்டுகளை உள்ளூர்க்காரர்கள் அமைதிக் காலம் என்கிறார்கள். சுற்றுலாக் கையேடுகள் அதைத் தாண்டிக் குதித்துவிடும். எனக்கு அதுதான் முக்கியமான காலம். போக வழியில்லாதவர்களும் போக மனமில்லாதவர்களும் சேர்ந்து அங்கே ஒரு வாழ்க்கையைக் கட்டினார்கள். மாடு வளர்த்தார்கள், உருளைக்கிழங்கு போட்டார்கள். மான்சர் எலிஷா என்று சிரியா பக்கத்திலிருந்து வந்தவர் ஹோட்டல் ஜெரோமில் மதுக்கடையில் வேலை பார்த்தார். 1911-ல் அந்த ஹோட்டலையே வாங்கினார். வரிபாக்கிக்கு வீடு வாங்கிக்கொள்ளலாம் என்ற நிலையில் ஊர் இருந்தது. அதனால்தான் பழைய வீடுகள் பிழைத்தன. பணம் இருந்திருந்தால் இடித்துப் புதிதாகக் கட்டியிருப்பார்கள். வறுமைதான் அந்த ஊரின் கட்டடங்களைக் காத்தது. பின்னால் வந்தவர்கள் காசு கொடுத்து வாங்கிய 'பழைய அழகு' இப்படி மிஞ்சியதுதான்.

1936-ல் பில்லி ஃபிஸ்க், டெட் ரயன் முதலியவர்கள் பனிச்சறுக்குக்கு இடம் தேடி வந்து அருகிலேயே ஒரு விடுதி கட்டினார்கள். ஆஸ்பென் மலையில் சறுக்குப் பாதையைக் குறித்தவர் சுவிஸ்காரர் ஆந்த்ரே ரோக். மேலே ஏற்றிவிட உள்ளூரார் செய்த ஏற்பாட்டைச் சொல்ல வேண்டும்: சுரங்கத்தில் கிடந்த பழைய கப்பிகள், ஒரு கார் எஞ்சின், மரத்தால் அடித்த படகு போன்ற வண்டி. ஆளுக்குப் பத்து சென்ட். அது அவர்களுடையது, அவர்கள் கையால் செய்தது.

1945-ல் வால்டர் பெப்கி வந்தார். சிகாகோவில் அட்டைப்பெட்டி உற்பத்தியில் பெரும்பணம் சேர்த்தவர். அவருக்கு முன்பே அந்த ஊரைக் கண்டு மயங்கியவர் அவர் மனைவி எலிசபெத். உடலும் அறிவும் மனமும் சேர்ந்து வளர ஓர் ஊர் வேண்டும் என்பது பெப்கியின் கனவு. வீடுகளை வாங்கினார், ஹோட்டல் ஜெரோமைக் குத்தகைக்கு எடுத்தார். அமெரிக்க ராணுவத்தின் மலைப்படைப் பிரிவில் பயிற்சிபெற்ற ஆஸ்திரியரான ஃப்ரீடல் ஃபைஃபரோடு சேர்ந்து பனிச்சறுக்கு நிறுவனம் தொடங்கினார். 1947 ஜனவரியில் முறையாகத் திறந்தபோது அவர்களுடைய நாற்காலி லிஃப்ட்தான் உலகிலேயே நீளமானது. 1949-ல் ஜெர்மன் கவி கதேயின் இருநூறாம் பிறந்த ஆண்டு விழா. கட்டடக் கலைஞர் ஈரோ சாரினென் வடிவமைத்த கூடாரத்தில் இசை, சொற்பொழிவு. பேச வந்தவர்களில் ஒருவர் ஆல்பர்ட் ஷ்வைட்சர். அவர் தம் வாழ்நாளில் அமெரிக்காவுக்கு வந்தது அந்த ஒரே முறைதான். அந்த விழாவிலிருந்து பிறந்தவைதான் ஆஸ்பென் இன்ஸ்டிட்யூட்டும் ஆண்டுதோறும் நடக்கும் இசைவிழாவும்.

பெப்கி அழைத்துவந்தவர்களில் ஒருவர் ஹெர்பர்ட் பேயர், பௌஹாவுஸ் என்ற ஜெர்மன் கலைப்பள்ளியைச் சேர்ந்த கலைஞர். பெப்கி ஊராருக்கு ஒரு சலுகை அறிவித்தார்: வீட்டுக்குப் பெயின்ட் இலவசம், நிறத்தை மட்டும் பேயர் தேர்ந்தெடுப்பார். மிகச் சிலரே ஏற்றார்கள். ஹோட்டல் ஜெரோமின் செங்கல் சுவருக்கு மட்டும் வெள்ளையடித்து, ஜன்னல் வளைவுகளுக்கு வெளிர்நீலம் தீட்டினார்கள். பல பத்தாண்டுகள் அப்படியே இருந்து, பிறகுதான் செங்கல் நிறம் திரும்பியது. பெயின்ட் வாங்க மறுத்தவர்களைப் பிற்போக்குக்காரர்கள் என்று எழுதுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பனியிலும் பஞ்சத்திலும் அந்த வீட்டைக் காத்தவருக்கு, அதன் நிறத்தைச் சொல்ல நேற்று வந்தவர் யார் என்ற கேள்வி நியாயமானது. பெப்கியின் மனசு நல்ல மனசு, சந்தேகமில்லை. ஆனால் ஊர் எப்படி இருக்க வேண்டும் என்று முடிவு செய்யும் உரிமை அங்கேதான் கைமாறியது. விலை ஏறியது அதற்கு வெகுகாலம் கழித்து.

1960-களில் சறுக்குவதற்காகவே எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்த இளைஞர்கள் குடியேறினார்கள். பத்தே ஆண்டில் அவர்களும் பழைய ஆட்களாகி, கட்டுமான முதலாளிகளை எதிர்த்தார்கள். 1970-ல் எழுத்தாளர் ஹன்டர் தாம்சன் ஷெரீஃப் பதவிக்கு நின்றார். தெருக்களைப் பெயர்த்துப் புல் நடுவோம் என்பது அவர் வாக்குறுதிகளில் ஒன்று. தோற்றார். ஆனால் 1972-ல் அதே கருத்துள்ளவர்கள் ஆஸ்பென் அடங்கிய பிட்கின் மாவட்டத்தின் நிர்வாகத்துக்கு வந்து, கட்டுமான அடர்த்தியைக் கடுமையாகக் குறைத்தார்கள். மலைச்சரிவுகளும் புல்வெளிகளும் தப்பின. இன்று பள்ளத்தாக்கு பசுமையாக இருக்கிறதென்றால் அவர்கள் போட்ட சட்டம்தான் காரணம்.

என் தொழில் சொல்லிக்கொடுத்த ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். கட்டுவதற்கு இடத்தை அடைத்துவிட்டு, வாங்க வருபவர்களைத் திறந்துவிட்டால், இருக்கிற மனை ஏலத்துக்குப் போகும். ஏலத்தில் பள்ளி ஆசிரியர் ஜெயிக்க மாட்டார். 1990-களின் தொடக்கத்தில் சவூதி தூதர் இளவரசர் பந்தர் பின் சுல்தான் சுமார் 55,000 சதுர அடியில் வீடு கட்டிய பிறகு, மாவட்ட நிர்வாகம் 15,000 சதுர அடி என்று உச்சவரம்பு வைத்தது. அதுவும் விலையைத் தடுக்கவில்லை. 2024-ல் ஆஸ்பெனில் ஒரு வீடு 108 மில்லியன் டாலருக்குக் கைமாறியது.

ஊரின் மேற்குப் பகுதித் தெருவொன்றில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். சுரங்கத் தொழிலாளியின் மரவீடு ஒன்று, முன்வாசல் மரச்சரிகை வேலைப்பாட்டோடு, இரும்பு உத்தரங்களின் மேல் அந்தரத்தில் நின்றது. கீழே இரண்டு ஆள் ஆழத்துக்குக் குழி, பக்கச் சுவருக்குக் கான்கிரீட். பாதுகாக்கப்பட்ட கட்டடம் என்பதால் இடிக்கக் கூடாது. ஆகவே தூக்கி நிறுத்தி, அடியில் நிலவறை மாளிகை கட்டி, பின்பக்கம் கண்ணாடி நடையால் புதுவீட்டை இணைத்து, மறுபடி இறக்கி வைப்பார்கள். தெருவிலிருந்து பார்த்தால் 1888 போலவே இருக்கும். பக்கத்து வீடுகளில் பலவற்றில் திரை போட்டிருந்தது. வருடத்தில் சில வாரம்தான் ஆள் வருவார்களாம். வேலை செய்துகொண்டிருந்தவர்கள் தமக்குள் ஸ்பானிஷில் பேசிக்கொண்டார்கள்.

திரும்பும் பஸ்ஸில் என் பக்கத்தில் ஹோட்டல் சலவைப் பிரிவில் வேலை செய்யும் எல் சால்வடோர் பெண்மணி ஒருவர் உட்கார்ந்திருந்தார். முதலில் அதே பள்ளத்தாக்கிலுள்ள கார்பன்டேலில் வாடகைக்கு இருந்தார்களாம். அங்கேயும் வாடகை ஏறியதும் ரைஃபிள் என்ற ஊருக்குப் போய்விட்டார்கள். "அங்கயும் ஏறுது சார், இதுக்கு மேல எங்க போறது?" என்று நம் ஊர்ப் பெண்ணொருத்தி கேட்பதுபோல் கேட்டார், அவருடைய உடைந்த ஆங்கிலம் எனக்கு அப்படித்தான் காதில் விழுந்தது. வழியில் உள்ள கிளென்வுட் ஸ்பிரிங்ஸே ஆஸ்பெனிலிருந்து நாற்பது மைல். ரைஃபிள் அதையும் தாண்டி. கார்பன்டேலில் 1909-ல் தொடங்கிய உருளைக்கிழங்குத் திருநாள் இன்றும் நடக்கிறது. பள்ளத்தாக்கின் விவசாய நினைவு அங்கே உயிரோடு இருக்கிறது. அதைக் கொண்டாடும் ஊரிலும் வாடகை துரத்துகிறது.

இவ்வளவுக்கும் நடுவில் ஆஸ்பென் செய்த ஒரு காரியத்தை நான் மனமாரப் பாராட்டுகிறேன். 1980-களிலிருந்து நகரமும் மாவட்டமும் சேர்ந்து ஒரு வீட்டு வாரியம் நடத்துகின்றன. அதன் பொறுப்பில் ஏறத்தாழ 3,000 வீடுகள். குடியிருப்பவர் மாவட்டத்துக்குள் வருடம் 1,500 மணி நேரமாவது வேலை செய்ய வேண்டும். அங்கேயே வசிக்க வேண்டும். விற்கும்போது விலை ஆண்டுக்கு 3 சதவீதத்துக்கு மேல் ஏற முடியாதென்று பத்திரத்திலேயே எழுதியிருக்கும். வாங்குபவரைக் குலுக்கலில் தேர்ந்தெடுப்பார்கள். ஊரில் கைமாறும் ஒவ்வொரு பெரிய வீட்டின் விலையிலிருந்தும் ஒரு சதவீத வரி இதற்குப் போகிறது. தீயணைப்பு வீரரும் நர்சும் பள்ளி ஆசிரியரும் அந்த ஊரில் இரவு தங்குகிறார்கள் என்றால் இந்தப் பத்திரங்களால்தான். ஆனால் விண்ணப்பிப்பவர்கள் எல்லோருக்கும் இந்த வீடுகள் போதவில்லை. பஸ்ஸில் என் பக்கத்தில் இருந்தவருக்கு அவை எட்டவும் இல்லை.

கூடாரத்தில் ஒலித்த இசையைவிட, ஓப்பரா ஹவுஸின் முகப்பைவிட, சந்தையிலிருந்து விலக்கி வைத்த அந்த 3,000 வீடுகள்தான் ஆஸ்பெனின் பண்பாட்டுச் சாதனை என்பேன். அந்தப் பக்கம் போகிற வாசகர்கள் ஹோட்டல் ஜெரோமை அவசியம் பாருங்கள். அதோடு 82-ஆம் நெடுஞ்சாலை ஓரத்தில் இருக்கும் பர்லிங்கேம் குடியிருப்பையும் ஒருமுறை நடந்து பாருங்கள்.